உதிரியாய் நிற்பதோ?

ஊர் உறங்கும் வேளையில் விழித்தெழும் அங்காடி பூ அங்காடி. கிழக்கு வெளுக்கும் முன்னரே தோவாளையில் தராசுகள் அசையத் தொடங்குகின்றன. மதுரை மாட்டுத்தாவணியில் மூட்டைகள் இறங்குகின்றன. நிலக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் விலை கூறும் குரல் எழுகிறது. கோயம்பேட்டில் கால் வைக்க இடமில்லை. மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, அரளி, செவ்வந்தி, மரிக்கொழுந்து! மணவிழாவுக்கும் மலர் வேண்டும், மறைந்தோர்க்கு மரியாதை செலுத்தவும் மலர் வேண்டும். மேடையில் வீற்றிருப்போர் கழுத்தில் விழும் மாலையும் அங்கிருந்துதான் வருகிறது. மாலையைக் காண்கிறோம்; அதனை மண்டியிலிருந்து அனுப்பி வைத்தவரின் நிலையை என்றேனும் எண்ணிப் பார்த்தோமா?

நெல் வணிகர் விலை இறங்கினால் கிடங்கைப் பூட்டிவிட்டுக் காத்திருப்பார். இரும்பு வணிகர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். பூ வணிகர் காத்திருக்க முடியுமா? காலையில் மொட்டாக வந்த மல்லிகை மாலையில் விரிந்துவிடும். மறுநாள் அதற்குப் பெயர் குப்பை! போட்ட முதல் கண்ணெதிரே வாடிக் கொண்டிருக்கிறது. அது வாங்க வருபவருக்கும் தெரியும். வெயில் ஏற ஏற விலை இறங்கும் என்பதை அறிந்து அவர் நிழலில் நிற்கிறார். விற்பவரோ நெருப்பில் நிற்கிறார். காலமே எதிரியாகிவிட்ட வாணிகம் இது. இத்தகைய வாணிகத்தில் தனித்து நிற்பவர் எவரை வெல்ல முடியும்?

ஆகவேதான் சங்கம் என்கிறோம். உடனே ஒரு வினா எழுகிறது. “சங்கத்தில் சேர்ந்தால் எனக்கென்ன கிடைக்கும்? சந்தா கட்டினால் ரசீது கிடைக்கும்; புத்தாண்டில் நாட்காட்டி கிடைக்கும்; வேறென்ன?” என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும், தவறில்லை. காசு கொடுப்பவர் கணக்குக் கேட்பது முறையே. கணக்கையே காட்டுவோம்.

மொத்த வணிகர் விளைவிப்போருக்கு முன்பணம் தருகிறார். சில்லறை வணிகருக்கும் மாலை கட்டுவோருக்கும் கடனுக்குச் சரக்குத் தருகிறார். இரு புறமும் பணத்தை விட்டுவிட்டு நடுவில் நிற்கிறார் அவர். இவரிடம் வாங்கிய கடனைத் தீர்க்காத ஒருவர், நாளை அடுத்த கடையில் புதுக் கணக்குத் தொடங்குகிறார். அடுத்த கடைக்காரருக்குச் செய்தி தெரியாது. தெரிந்தாலும், ‘போட்டியாளர் நொடிந்தால் நமக்கென்ன’ என்று இருந்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து அதே கதி அவருக்கும் நேர்கிறது! ஒரே கூரையின் கீழ் நூறு கடைகள். நூறு கடைகளுக்கும் ஒரே இழப்பு. ஆயினும் ஒருவர் இழப்பு மற்றவருக்குத் தெரியாது. சங்கம் ஒன்று இருந்து, வாரம் ஒருமுறை உறுப்பினர்கள் கூடிப் பேசினால், கட்டிய சந்தாவைப் போலப் பன்மடங்கு அந்த ஒரு செய்தியிலேயே மீண்டுவிடும்.

அது அன்றாடக் கணக்கு. ஆபத்துக் காலத்துக் கணக்கு வேறு. 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தது. ஓண விழாக் கொண்டாட்டத்தை அம்மாநில அரசு கைவிட்டது. அத்தப்பூக் கோலத்தை நம்பித் தமிழகத்துத் தோட்டங்களில் பூத்த மலர் என்னாயிற்று? 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கோயில்கள் மூடப்பட்டன, திருமணங்கள் தள்ளி வைக்கப்பட்டன, செடியிலேயே பூக்கள் உதிர்ந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் கோயம்பேடு அங்காடியே மூடப்பட்டது. அந்நாளில் மாற்று இடம் கேட்க, வண்டிக்கு அனுமதி கேட்க, தேங்கிய மலரை நறுமணச் சாறு எடுக்கும் ஆலைகளுக்கு அனுப்பி வைக்கத் தனி வணிகர் எந்தக் கதவைத் தட்டுவார்? அதிகாரியின் மேசைமீது தனியொருவர் வைக்கும் தாள் விண்ணப்பம். ஆயிரம் பேர் சார்பில் சங்கம் வைக்கும் தாள் கோரிக்கை. விண்ணப்பம் கோப்பில் உறங்கும். கோரிக்கைக்கு விடை சொல்லியாக வேண்டும்!

சட்டமே கூட்டமைப்பைத்தான் கண் திறந்து பார்க்கிறது. மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தோவாளை மாணிக்க மாலை 2025இல் பெற்றது. அக்குறியீட்டுக்கான 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியொருவர் தமக்கென விண்ணப்பிக்க இயலாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் நலனைக் காக்கும் அமைப்போதான் விண்ணப்பிக்கலாம். பரம்பரை பரம்பரையாகப் பூத்த மல்லிகைக்குப் பெயர் வாங்கித் தரவும் ஓர் அமைப்பு தேவைப்பட்டது!

கடல் கடந்து காண்போம். நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் என்றோர் ஊர். இடைத்தரகர் சொன்னதே விலை என்றிருந்த நிலையை மாற்ற, அங்குள்ள மலர் விளைவிப்போர் 1911இல் கூட்டுறவு முறையில் ஏலம் தொடங்கினர். ஒரே ஊரில் ஒன்றல்ல, இரண்டு அமைப்புகள்! அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போட்டியிட்ட அவ்விரண்டும், பிரிந்து நிற்பதன் கேட்டை உணர்ந்து 1968இல் ஒன்றாயின. இன்று அங்குள்ள ஏலக் கூடம் உலகின் மிகப் பெரிய கட்டடங்களுள் ஒன்று. கடிகாரம் போன்ற கருவியில் விலை மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே சரக்கு. வாங்கியவர் பணம் தருவாரோ மாட்டாரோ என்ற கவலை விளைவித்தவருக்கு இல்லை. அதனை ஏல அமைப்பு ஏற்றுக் கொள்கிறது. அவர்கள் எதிரே மொத்த வணிகர்கள் உதிரிகளாக நிற்கவில்லை. அவர்களும் தமக்கெனச் சங்கம் கண்டு, அரசோடும் ஏல அமைப்போடும் சரிநிகராய் அமர்ந்து பேசுகின்றனர். அங்கும் மலர் வாடத்தான் செய்கிறது, மனிதர் வாடவில்லை!

தோழர்களில் சிலர் கேட்பர்: “மொத்த வணிகர் சங்கம் என்பது முதலாளிகளின் கூட்டமல்லவா? உழைப்போர் நலம் பேசும் நமக்கு அங்கென்ன வேலை?” கேட்க வேண்டிய கேள்விதான். மண்டி வைத்திருப்போரில் செல்வர் சிலர் உண்டு. ஆனால் பத்தடிக் கடையும் வட்டிக்கு வாங்கிய முதலுமாய் வாழ்வோர் பலர். அவரைத் தொடர்ந்து எத்தனை வயிறுகள்! விடியுமுன் பூப்பறிக்கும் பெண்கள், மூட்டை தூக்கும் தோழர்கள், திண்ணையில் அமர்ந்து பூக்கட்டும் தாய்மார்கள், கூடை சுமந்து தெருத்தெருவாய் முழம் போட்டு விற்கும் மூதாட்டி. மண்டி சாய்ந்தால் அத்தனை பேரும் சாய்வர்.

அதற்காகச் சங்கம் எது செய்தாலும் சரியென்று கூற மாட்டோம். கூடி நிற்பது வேறு. கூடிக் கொள்ளையடிப்பது வேறு. விளைவித்தவருக்கு இவ்வளவுக்குமேல் விலை தருவதில்லை என்று கதவைச் சாத்திக் கொண்டு முடிவு செய்வதற்குப் பெயர் சங்கமல்ல, சதி! சங்கத்தின் பெயரால் செய்தாலும் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதனைத் தடுக்கிறது. அத்தகைய சதி நடக்குமிடத்தில் விளைவிப்போர் வாய்மூடி இருக்கவும் மாட்டார்கள். சத்தியமங்கலத்தில் அவர்கள் தாமே சங்கம் அமைத்து ஏலம் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

எனவே நல்ல சங்கத்துக்கு நாம் காட்டும் உரைகல் இது: அங்காடியில் எல்லோரும் சரிபார்க்கப் பொதுத் தராசு உண்டா? அன்றைய விலை, விளைவித்தவர் கண்ணில் படும்படி பலகையில் எழுதப்படுகிறதா? தரகு எவ்வளவு என்பது சீட்டில் தெரிகிறதா? மூட்டை தூக்குவோர்க்கு நிழலும் நீரும் உண்டா? ஆண்டுதோறும் வரவு செலவு படிக்கப்பட்டுத் தேர்தல் நடக்கிறதா? ஆம் என்று விடை வருமாயின், அச்சங்கம் வாழ்க என்போம். இல்லையென்றால், அதில் சேராமல் ஒதுங்கி நிற்பதல்ல வழி; சேர்ந்து, கேட்டு, திருத்துவதே வழி. சந்தா கட்டுபவருக்கே கேள்வி கேட்கும் உரிமை உண்டு. ஒதுங்கி நிற்பவர் முணுமுணுக்கலாம். முடிவு செய்ய முடியாது.

பூ அங்காடிகள் உள்ள ஊர்களில் இயங்கும் தோழர்கள் ஒருநாள் விடியலில் அங்கே சென்று பாருங்கள். சங்கத்தில் சேராதோரிடம் பேசுங்கள். சேர்ந்தும் கூட்டத்துக்கு வராதோரிடம் அதிகமாகப் பேசுங்கள். உதிரிப் பூவை அள்ளிக் கூடையில் போட்டால் காற்று கொண்டு போகும்; நாரில் தொடுத்தால் அதுவே மாலை. நாள் முழுதும் அதனைக் கண்ணால் காண்பவர்கள் பூ வணிகர்கள். அவர்களுக்கு நாம் புதிதாய்ச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை; அவர்கள் கையிலுள்ள நாரை நினைவூட்டினால் போதும்.