செட்டா மாத்திரலாம் அண்ணாச்சி!

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஆஃப் ஆகிறது. எடுக்காவிட்டால் முன்னால் நிற்கிறவர் பம்பரில் போய் இடிக்கிறது. குற்றாலம் சீசனில், சாரல் விழும் ஞாயிற்றுக்கிழமையில், ஐந்தருவி ரோட்டில் இப்படி ஒரு பழைய வேனை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் ஊராக ஜனம் அருவியைப் பார்க்க வந்திருக்கும். எனக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு மட்டும் அருவி மறந்துபோய் ஹாரன்தான் ஞாபகம் வரும்.

எந்தக் கம்பெனி வேன் என்று கேட்காதீர்கள். பாவம், வயசான வண்டி, அதன்மேல் குற்றமில்லை. கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ என்கிற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் பிறந்தது. கோளாறு ஐடிலிங்கில். காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும் இல்லையா, அப்போதும் இன்ஜினுக்குக் காற்று வேண்டுமே? அதற்கு ஓரமாக ஒரு சின்னப் பாதை, அதில் ஒரு வால்வு. இன்ஜின் சூடு எவ்வளவு, ஏசி ஓடுகிறதா என்றெல்லாம் பார்த்து ஈசிஎம் என்கிற கம்ப்யூட்டர் பெட்டி அந்த வால்வைத் திறக்கும், மூடும். வருஷக்கணக்கில் எண்ணெய்ப் புகையும் கரியும் படிந்தால் அது ஒட்டிக்கொள்ளும். 800, 900-ல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் ஏறும், இறங்கும், பொசுக்கென்று அணையும்.

கழற்றி, கார்ப் கிளீனர் அடித்துத் துடைக்கணும். வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கா, வால்வுக்குக் கரண்ட் வருதா என்று பார்க்கணும். பொறுமையான ஆளுக்கு ஒரு மத்தியான வேலை.

பொறுமை! அதைத்தான் தென்காசி முழுக்கத் தேடினேன்.

ஒருவர் அடியில் இருக்கிற இன்ஜினைப் பார்க்க சீட்டைத் தூக்கினார், குனியக்கூட இல்லை. "சென்சார் அடிவாங்கிருச்சு அண்ணாச்சி." எந்த சென்சார்? "எல்லாம் ஒண்ணுதான்." ஆமாமாம், சாம்பாரும் ரசமும்கூட ஒண்ணுதான். அடுத்தவர் வேனைத் தொடவே இல்லை. "ஈசிஎம் போயிருக்கும், செட்டா மாத்திரலாம்." அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். ஸ்கேனர் இருக்கு என்றவரிடம் ஆசையாகப் போனேன். ஓபிடி-2 வருவதற்கு முந்தைய வண்டியில் அவர் ஒயரைச் செருக இடமே இல்லை. "பேசாம வித்துருங்களேன்" என்றார். ஸ்கேனர் கண்டுபிடித்த நோய் அதுதான் போல.

கடைசியில் ஒரு கைராசிக்காரர். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், த்ராட்டில் ஸ்க்ரூவை ஒரு திருகு. ஆர்பிஎம் எகிறியது. "இப்ப ஆஃப் ஆவுதா?" ஆகவில்லைதான். ஆனால் அது ஃபேக்டரியில் செட் பண்ணி அனுப்பிய ஸ்க்ரூ, சாமி! அதைத் திருகினால் த்ராட்டில் முழுசாக மூடாது. கால் இன்னும் ஆக்சிலேட்டரில்தான் இருக்கு என்று ஈசிஎம் நம்பிவிடும். ஐடிலைக் கவனிக்கிற வேலையை விட்டுவிடும். இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்துகிற வேலையையும் சேர்த்து. கோட்டைவாசலிலிருந்து புளியரை எஸ் வளைவில் இறங்கினேன். காலை எடுத்த பிறகும் வண்டி தள்ளிக்கொண்டே போகிறது. பிரானூர் பார்டரில் கோழி வறுபடும் வாசனையையும் மீறி பிரேக் கருகிய நாற்றம்.

மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன புண்ணியம்? கார்புரேட்டர் காலத்து ஆட்கள் காதை வைத்தே டியூன் பண்ணினார்கள். அந்தக் காது போயிற்று. அதற்குப் பதிலாக வரவேண்டிய மேனுவலும் கருவியும் சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரவே இல்லை. யார் கொடுத்தார்கள், வர? ஸ்பேர் பார்ட்ஸையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் வைத்திருந்ததாக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உடனே அப்பீல். 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரிப்பேர் உரிமை' என்று ஒரு போர்ட்டல் திறந்தது. ரொம்ப சந்தோஷம். அதை சீட்டுக்கு அடியில் எந்த இடத்தில் மாட்டுவது?

பார்ட்ஸ் கடையில் வால்வு மட்டும் கேட்டேன். "தனியா வராது சார். த்ராட்டில் பாடியோட செட்டாத்தான்." சரி, செட்டாவது இருக்கா? "திருநெல்வேலியில சொல்லி வைக்கேன். வந்தா போன் போடுதேன்." நம்பரை ஒரு அட்டைப்பெட்டி மூடியில் கிறுக்கிக்கொண்டார்.

2019 நவம்பரிலேயே திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆயாச்சு. கலெக்டர் வந்தாச்சு, எஸ்பி வந்தாச்சு. ஒரு வால்வு வர மாட்டேங்குது.