கையுறையை யாரிடம் கொடுப்பது?

சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் சிம்பாங் அம்பாட் தாமான் திடலில் ஓர் ஆட்டம். 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்கான சின்னக் காற்பந்துப் போட்டிதான். சுற்றி நின்றவர்கள் ஐம்பது பேர் இருப்போம். பாதிப் பேர் அம்மாக்கள். மீதிப் பேர் கொசுவை விரட்டிக்கொண்டே பயிற்றுநருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த அப்பாக்கள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. எதிரணிப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து பந்தை உருட்டிவிட்டான். வேகமும் இல்லை, வளைவும் இல்லை. அது எங்கள் கோல் காவலனின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்து, வலைக்குள் போய் நின்றது. 2-3 என்று தோற்றோம்.

அந்தக் கோல் காவலன் என் அக்கா மகன்.

நான் காருக்கு வந்து சேர்வதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. "கோச், அடுத்த மேட்ச்ல வேற கீப்பர் போடுங்க." "மூணு மேட்ச்ல ஏழு கோல், இன்னும் எத்தனை பார்க்கணும்?" "பாவம், சின்னப் பையன், விடுங்க." ஒருவர் ஒன்றும் எழுதவில்லை, தேநீர் வடிகட்டியின் படத்தை மட்டும் போட்டார். அதற்குப் பதினோரு பேர் சிரித்திருந்தார்கள். அக்காவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

இரவு அக்கா போன் செய்தார். "தம்பி, நீ ரேடியோல பேசுற ஆளு. கோச்சுகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அவனை எடுத்துட்டா அவன் உடைஞ்சு போயிடுவான்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். என்ன சொல்வது? "அவனை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல என்னிடம் இருக்கும் ஒரே காரணம், அவன் என் அக்கா மகன் என்பதுதான்.

தடுமாறும் இளம் ஆட்டக்காரரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? உலகம் முழுவதும் விளையாட்டு ரசிகர்கள் சண்டை போடும் கேள்வி இது. நம் நாட்டில் இந்தக் கேள்வி மிகப் பெரிய அளவில் வந்த ஒரு டிசம்பர் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும்.

2010 டிசம்பர் 1. ஜகார்த்தாவின் கெலோரா பூங் கார்னோ அரங்கம். ஏஎப்எப் சுசுகி கிண்ணத்தில் மலேசியாவின் முதல் ஆட்டம். நோர்ஷாருல் முதல் கோலைப் போட்டார். அதன் பிறகு இந்தோனேசியா ஐந்து கோல் அடித்தது. 1-5. நான் அப்போது ஊடகத் துறை மாணவன். மாமாக் கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு நண்பர்களோடு பார்த்தேன். மூன்றாவது கோலுக்குப் பிறகு யாரும் திரையைப் பார்க்கவில்லை. "சின்னப் பசங்களை வச்சு என்ன விளையாட்டு?" என்பதுதான் அன்று எல்லா மேசைகளிலும் பேச்சு.

பயிற்றுநர் நம்மவர், கே. ராஜகோபால். முந்தைய ஆண்டு லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் 23 வயதுக்குட்பட்டோர் அணியை வைத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கத்தை வாங்கித் தந்தவர். அந்தத் தங்க அணியின் இளைஞர்கள் பலரை நம்பித்தான் இந்தப் போட்டிக்கும் வந்திருந்தார். போட்டி நடுவில் ஆட்டக்காரர் பட்டியலை மாற்ற முடியாது. களத்தில் இறங்கும் பதினொருவரை மாற்றலாம். அவர் என்ன செய்தார்?

இளைஞர்களைக் கைவிடவில்லை. ஆனால் கோல் காவலரை மாற்றினார். முதல் ஆட்டத்தில் நின்ற ஷர்பினி அலாவியை உட்காரவைத்துவிட்டு, அவரைவிட இளையவரான கைருல் பாஹ்மி சே மாட்டிடம் கையுறையைக் கொடுத்தார். 'ஆப்பேக்' என்று எல்லாரும் கூப்பிட்ட அந்தக் கிளந்தான் பையனுக்கு அப்போது வயது 21.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். தாய்லாந்தோடு 0-0. லாவோஸுக்கு எதிராக 5-1. அரையிறுதியில் வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வென்று, ஹனோயில் ஒரு கோலும் விடாமல் தாக்குப்பிடித்தார்கள். இறுதியாட்டத்தில் அதே இந்தோனேசியா. டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் 3-0. டிசம்பர் 29 அன்று, 1-5 வாங்கிய அதே ஜகார்த்தா அரங்கில், பிர்மான் உத்தினாவின் பெனால்டியை ஆப்பேக் தடுத்தார். அந்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. மலேசியா முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது. டிசம்பர் 31 பொது விடுமுறை என்று அரசாங்கம் அறிவித்தது.

"பார்த்தீர்களா, மாற்றினால் ஜெயிக்கலாம்" என்று நம் வாட்ஸ்அப் குழு இதைக் காட்டலாம். "இளைஞர்களை நம்பினால் ஜெயிக்கலாம்" என்று அக்காவும் இதையே காட்டலாம். இரண்டும் உண்மை. ராஜகோபால் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்தார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பகுதி இருக்கிறது. அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

2012 நவம்பர் 25. அடுத்த சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டம். புக்கிட் ஜாலிலில், நம் ரசிகர்கள் முன்னால், சிங்கப்பூர் 3-0 என்று நம்மை வென்றது. கோல் கம்பத்தில் நின்றவர் அதே ஆப்பேக். நான் வானொலிக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மறுநாள் நிகழ்ச்சியில் நேயர்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். "எடுங்கப்பா அந்தப் பையனை!" இரண்டு வருடம் முன்பு அவரைத் தலையில் தூக்கி வைத்தவர்கள்தான். நானும் விடவில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தத்தை ஓடவிட்டேன். நிகழ்ச்சி கலகலப்பாக இருந்தது என்று பாராட்டும் கிடைத்தது.

சனிக்கிழமை அந்த வடிகட்டிப் படத்தைப் பார்த்தபோது, 2012-இல் நான் அழுத்திய அந்தப் பொத்தான்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று அவருடைய அம்மாவும் எங்காவது ஒரு வானொலியைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார்?

ஞாயிறு காலை பயிற்றுநரைப் பசியாறக் கூப்பிட்டேன். பத்து காவான் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். சம்பளம் வாங்காமல் ஏழு வருடமாக இந்தப் பையன்களைத் தேற்றுகிறார். ரோத்தி சானாய் வருவதற்குள் விஷயத்தைச் சொன்னேன். அவர் பில் தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஒரு கோல் கம்பம் வரைந்தார்.

"ஏழு கோல் சொல்றாங்களே, தம்பி, எண்ணிப் பார்ப்போம். ரெண்டு கார்னர்ல வந்தது. அங்க ஆளைப் பிடிக்க வேண்டியவன் பிடிக்கல. ரெண்டு இடது பக்கமா வந்தது. அந்த டிபென்டர் முன்னால ஓடிட்டுத் திரும்பி வரவே இல்ல. ஒண்ணு பெனால்டி. மிச்சம் ரெண்டு. அது நம்ம பையன் தப்பு."

"அப்ப அவனை எடுக்க மாட்டீங்கதானே, அண்ணே?"

"எடுக்கப் போறேன்."

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் தொடர்ந்தார். "அவன் கையில குறை இல்ல. ஆனா ஒவ்வொரு கோல் விழுந்ததும் அவன் பந்தைப் பார்க்கல, கோட்டுக்கு வெளிய நிக்கிற எங்க மூஞ்சிங்களப் பார்க்கிறான். அந்த நிலைமையில நிக்க வச்சா அவனுக்குத்தான் கெடுதல். ரெண்டு ஆட்டம் ஓய்வு. இன்னொண்ணு, ரெண்டாவது கீப்பர் மூணு மாசமா ஒரு நாள் தவறாம பயிற்சிக்கு வர்றான். அவனுக்கும் ஒரு அம்மா கோட்டோரம் நிக்கிறாங்க."

இந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

கோல் காவலர் வேலை மற்ற பத்துப் பேரின் வேலை போன்றதல்ல. முன்னால் விளையாடுபவர் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை அடித்தால் அன்றைய நாயகன். கோல் காவலர் பத்து முறை பிடித்து ஒரு முறை விட்டால் வடிகட்டி. நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தோடு ஒப்பிடுவார்கள். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் அவர் பாய்ந்து பிடித்தவை இன்றும் அவர்கள் கண்ணில் நிற்கின்றன. ஆனால் இந்த வேலைக்கு அனுபவம் மெதுவாகத்தான் வரும். இத்தாலியின் டீனோ சோப் 1982-இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவருக்கு வயது 40.

அமெரிக்கக் காற்பந்தில் குவாட்டர்பேக் என்ற இடமும் இப்படித்தான். அணியின் ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையிலிருந்துதான் தொடங்கும். தோற்றால் முதல் பழியும் அவருக்குத்தான். நியூயார்க் ஜெட்ஸ் அணி 2018-இல் சாம் டார்னால்ட் என்ற இளைஞரைப் பெரிய நம்பிக்கையோடு எடுத்தது. மூன்று பருவங்களில் வெற்றி வரவில்லை. 2021-இல் அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டு, சாக் வில்சன் என்ற இன்னொரு இளைஞரைக் கொண்டுவந்தது. அவரையும் 2024-இல் அனுப்பிவிட்டது. அதே 2024 பருவத்தில், மினசோட்டா அணியில், டார்னால்ட் 14 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார். ஆள் மாறியும் ஜெட்ஸின் குறை மாறவில்லை. பயிற்றுநர் பில் தாளில் எண்ணிய கணக்கைப் போல, ஓட்டை எங்கே என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

உட்காரவைப்பது எப்போதும் தண்டனை என்றும் சொல்ல முடியாது. ரியல் மட்ரிட்டின் இக்கர் கசியாஸ் 20 வயதில் தன் இடத்தை சீசர் சஞ்செஸிடம் இழந்தார். 2002 மே 15, கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். சீசருக்குக் காயம். இரண்டாம் பாதியில் உள்ளே போன கசியாஸ் கடைசி நிமிடங்களில் பந்து பந்தாகத் தடுத்தார். மட்ரிட் 2-1 என்று வென்றது. எட்டு வருடம் கழித்து ஸ்பெயினுக்கு உலகக் கிண்ணத்தை வாங்கித் தந்த கேப்டன் அவர்தான். ஷர்பினிக்கும் 2010 முடிவாக இல்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் மலேசிய லீகில் விளையாடினார்.

ஆக, வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற கேள்விக்கு என் பதில் இது. தவறு அவனுடையதுதானா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். காத்திருக்கும் இன்னொரு பிள்ளையையும் கணக்கில் வையுங்கள். மாற்ற வேண்டுமென்றால் மாற்றுங்கள். ஆனால் அதை அவனுக்கு நேரில் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞரிடமிருந்து ஒரு வேலையை வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கும்போதும் இதே முறைதான். மின்னஞ்சலில் பெயரை மட்டும் நீக்கிவிட்டுப் போகாதீர்கள்.

பயிற்றுநர் அப்படித்தான் செய்தார். வாட்ஸ்அப்பில் எதுவும் போடுவதற்கு முன்பு ஞாயிறு மாலை அக்கா வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி பையனிடம் பேசினார். "ரெண்டு ஆட்டம் நீ வெளிய. செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் முன்னாடி வா, உயரப் பந்து பிடிக்கப் பழகுவோம். மூணாவது ஆட்டத்துக்கு ரெண்டு பேர்ல யார் நல்லா பண்றீங்களோ அவங்களுக்குத்தான் கையுறை." பிறகு இடது பக்க டிபென்டரின் வீட்டுக்கும் போனாராம்.

பையன் அன்று சாப்பிடவில்லை. என்னிடமும் பேசவில்லை. "மாமா, நீங்கதான் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். நம்பினானா தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே போனான் என்று அக்கா சொன்னார். நேற்றைய ஆட்டத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நின்றான். புதுப் பையனும் ஒரு கோல் விட்டான், 1-1. அவன் திரும்பிப் பார்த்தபோது, கோட்டோரத்திலிருந்து யாரும் வாயைத் திறக்கவில்லை. கம்பத்துக்குப் பின்னாலிருந்து என் அக்கா மகன்தான் கத்தினான்: "பரவால்லடா, பந்தைப் பாரு!"

வாட்ஸ்அப் குழுவில் நேற்று யாரும் படம் எதுவும் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஆட்டம். உங்கள் தாமானிலும் ஒன்று இருக்கும். போனால், உங்கள் பிள்ளை இல்லாத ஒருவனுக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டு வாருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.