ஊசி வைக்குமுன்



சென்ற மாதம் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் அம்மா ஒருவர் சீலையில் சுற்றிய இசைத்தட்டுப் பொதியுடன் வந்தார். "தம்பி, நீர் மெசினோட வேலை செய்யிற பிள்ளை. இதுகளைக் கொம்பியூட்டரில ஏத்தித் தருவீரோ?" என்று கேட்டார்.

பெரும்பாலானவை கடையில் விற்ற பாட்டுத் தட்டுகள். ஒன்று மட்டும் வேறு. அவருடைய தாயார் ஐம்பதுகளில் இலங்கை வானொலியில் பாடியபோது பதிந்து கொடுத்தது. தாயாரின் குரல் வேறெதிலும் இல்லை.

நான் ஏற்கெனவே சூடு கண்டவன். சூட்கேஸ் போல மூடும் மலிவான பெட்டியொன்றை வாங்கி, என்னுடைய நல்ல தட்டொன்றைக் கெடுத்தேன். அத்தகைய பெட்டிகள் பலவற்றில் ஊசி ஐந்து கிராம் அளவு பாரத்தில் அழுத்தும். குறைக்க வழியில்லை. நல்ல கருவிக்கு 2 கிராம் போதும்.

ஆகவே விலையைப் பார்க்குமுன் இவற்றைப் பாருங்கள். பழைய தட்டுகள் நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழல்பவை. இன்றைய கருவிகள் பலவற்றில் 33, 45 மட்டுமே உண்டு. ஊசியும் வேறு. எல்.பி. தட்டுக்கு நுனி 18 மைக்ரோன் அளவு. 78க்கு 65 முதல் 75 வரை வேண்டும். ஊசியை மாற்றக்கூடிய, பாரத்தைச் சரிசெய்யக்கூடிய கருவியையே வாங்குங்கள்.

புதிதென்றால் ஓடியோ-டெக்னிக்கா எல்.பி.120எக்ஸ் யூ.எஸ்.பி. கருவியில் மூன்று வேகமும் உண்டு; கணினியில் நேரே கொழுவலாம். பழையதென்றால், நமக்குப் பக்கத்திலுள்ள பூர்க்டோர்பில் முன்னர் செய்த லென்கோ எல்75ஐ புறொக்கிக் கடைகளில் தேடிப் பாருங்கள். அதில் 78 உண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். ஆனால் தனியாக ஒரு போனோ பெருக்கி வேண்டும். வாங்குமுன் உள்ளேயுள்ள ரப்பர்ச் சில்லையும், ஊசிக் கையைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகளையும் பாருங்கள். எங்கள் தொழிற்சாலையிலும் மெசின் இரைந்தால் முதலில் ரப்பரைத்தான் பார்ப்போம்.

கடைத் தட்டுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டேன். தாயாரின் தட்டில் ஊசி வைக்கவில்லை. அது அலுமினியத் தகட்டில் லாக்கர் பூசி, நேரே வெட்டிய தட்டு. வானொலி நிலையங்கள் ஒலிநாடா வருமுன் இப்படித்தான் பதிந்தன. ஒவ்வொரு முறை போடும்போதும் அது தேயும். இதன் ஓரத்தில் பூச்சு வெடித்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. இத்தகையதை அனுபவமுள்ளவர் ஒரேமுறை போட்டுப் பதிய வேண்டும். பேர்ணில் 1995இல் தொடங்கிய மெமோரியாவ் நிறுவனத்திடம் வழி கேட்கலாம் என்றேன்.

அம்மாவின் முகம் வாடியது. பிறகு, "இவ்வளவு காலம் இருந்திட்டுது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், ஆசையில் ஊசியை வைத்துவிடாதீர்கள். தட்டை நிமிர்த்தி, ஹீற்றருக்குத் தூரமாக வையுங்கள்.