டிரைவர் பாவம்தான்... அதுக்காக கேஸ் போடாம விடணுமா?

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள்ளேயே வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிளாக் பிளாக்காகப் பிரித்த அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், எதிரில் எப்போதாவது ஒரு சைக்கிள். எல்லா ரோடும் இப்படித்தான் இருக்கும் என்று மனசு நம்பிவிடும். ஆர்ச் கேட்டைத் தாண்டி ஹைவேஸில் ஏறினால் அது வேறு உலகம். லாரி, டிப்பர், பஸ், இதற்கு நடுவில் சந்து கிடைத்தால் நுழைந்து ஓடும் பார்சல் வண்டி. 'ஆர்டர் போட்டு ரெண்டு நாளாச்சு, இன்னும் வரலையே' என்று நாம் போனைத் தடவிக்கொண்டு இருக்கிறோமே, அந்த வண்டிதான்.

அப்படி ஒரு குட்டி யானை ஒருவரை இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இடிபட்டவர் நைட் ஷிஃப்ட் முடித்து டூ வீலரில் மந்தாரக்குப்பம் போய்க்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி. வயது 28. மாதம் 15,000 ரூபாய் சம்பளம். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. கூட்டம் கூடும், டிரைவருக்கு நாலு அடி விழும், 108 வரும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

மறுநாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் நடப்பதுதான் விஷயம். வண்டி ஓனர் அனுப்பிய ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார். "டிரைவர் பாவம்ணே, ரெண்டு பொம்பளப் புள்ள வெச்சிருக்கான். கேஸுன்னு போனா அவன் பொழப்பு போயிடும். ஆஸ்பத்திரி செலவு எங்களோடது. கைச்செலவுக்கு ஒரு இருபதாயிரம் வெச்சுக்குங்க." கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சானுக்கும் அது நியாயமாகத்தான் படும். ஏழைக்கு ஏழை எதற்கு விரோதம்? வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து. முடிந்தது.

இந்த இரக்கம் நல்ல குணம். ஆனால் தவறான முகவரிக்குப் போகிற இரக்கம். நஷ்டஈட்டு வழக்கில் பணம் கொடுக்கப்போவது டிரைவர் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 146ஆம் பிரிவுப்படி 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டுக்கு வரக்கூடாது. வண்டி ஓனர் வருஷாவருஷம் கட்டும் பிரீமியம் எதற்கு? ரோட்டில் போகும் முன்பின் தெரியாத ஒருவருக்கு அடிபட்டால் கொடுப்பதற்கு. அதாவது அந்தத் தொழிலாளிக்காக வேறொருவர் ஏற்கெனவே காசு கட்டி வாங்கி வைத்த ஒன்று அது. அதைக் கேட்காமல் விடுவதால் டிரைவர் வீட்டில் ஒரு பிடி அரிசி கூடப் போவதில்லை. மிச்சமாவது இன்சூரன்ஸ் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில்!

டிரைவருக்கு ஒன்றுமே ஆகாது என்று சொன்னால் அது பொய். அவர் மேல் கிரிமினல் கேஸ் வரும். பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 என்று பிரிவு போடுவார்கள் (பழைய ஐ.பி.சி. 279, 337, 338). ஆனால் காயம் மட்டும் ஏற்பட்ட கேஸில் இவை ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள். கோர்ட்டுக்கு அலைச்சல் இருக்கும், வண்டி சில நாள் ஸ்டேஷனில் நிற்கும். இதையும், ஒரு குடும்பத்தின் இருபது வருஷ வருமானத்தையும் தராசில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இருபது வருஷ வருமானமா? ஆமாம். கணக்கைப் பாருங்கள். (காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும்.)

மாதம் 15,000 என்றால் வருஷம் 1,80,000. நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. காயம்பட்டவர்களுக்கும் இது உண்டு என்று 2020இல் மறுபடியும் உறுதியானது. ஆக 2,52,000. அதை வயதுக்கேற்ற பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரை 17. பெருக்கினால் 42,84,000. இதில் அவருடைய உழைக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம் நஷ்டஈடு. 15 சதவீதம் என்றால் 6,42,600. 40 சதவீதம் என்றால் 17,13,600. வைத்தியச் செலவு, வலி வேதனை, படுத்திருந்த மாதங்களின் சம்பளம், வட்டி எல்லாம் இதற்கு மேலே தனி.

வராண்டாவில் வந்தது இருபதாயிரமும் ஒரு ஹார்லிக்ஸும்.

அந்த 15க்கும் 40க்கும் நடுவில்தான் பாதி சண்டையே நடக்கிறது. டாக்டர் காலைப் பார்த்து ஒரு சதவீதம் எழுதுவார். ஆனால் கோர்ட் பார்க்க வேண்டியது காலை மட்டும் இல்லை, அந்தக் காலை வைத்து அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை. 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழகாக விளக்கியது. ஒருவருக்கு இடது கை போய்விட்டது. அவர் டிரைவரோ தச்சரோ என்றால் கிட்டத்தட்ட முழு வருமானமும் போச்சு. அவரே அரசு அலுவலக கிளார்க் என்றால் வேலை போகாமலே இருக்கலாம். இழப்பு ஒரே கைதான், நஷ்டம் வேறு வேறு.

நெய்வேலியில் இதைப் புரிந்துகொள்ள தீர்ப்பைப் படிக்கவே வேண்டாம். நிரந்தரத் தொழிலாளிக்குக் கால் முறிந்தால் என்.எல்.சி. ஆஸ்பத்திரி இருக்கிறது, லீவு இருக்கிறது, திரும்பி வந்தால் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. பக்கத்திலேயே வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு? சுரங்கத்தில் ஏறி இறங்க முடியாத காலை வைத்துக்கொண்டு அடுத்த ஒப்பந்தத்தில் பேர் வருமா? நஷ்டஈடு யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இதுதான் வயிற்றெரிச்சல்.

சம்பளத்துக்கு சிலிப் இல்லையே என்று தயங்குபவர்களும் உண்டு. 2014இல் கால் இழந்த ஒரு இளம் காய்கறி வியாபாரியின் வழக்கில், இப்படிப்பட்டவர்களிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றமே மாதம் 6,500 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டது. ஆனால் கேட் பாஸ், பி.எஃப். நம்பர், பேங்க் பாஸ்புக் எது இருந்தாலும் தூக்கி எறியக்கூடாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். வெள்ளைப் பேப்பரில் போட்ட கையெழுத்து மட்டுமே வழக்கை அடைத்துவிடாது. உண்மையான நஷ்டம், அதனால் எஃப்.ஐ.ஆர். போடாமல் விடுவது. ஆறு மாதம் கழித்து கால் கோணலாகச் சேர்ந்து மறுபடி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லும்போது, ஓனர் போனை எடுக்க மாட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியோ 'எங்கள் வண்டி அங்கே வரவே இல்லை' என்று பதில் போடும். அதனால் முதல் வேலை எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுப்பார்கள். நிறையப் பேர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். அது வேறு, இது வேறு. டவுன்ஷிப், தெர்மல், மந்தாரக்குப்பம் என்று இங்கே ஸ்டேஷன்கள் பக்கத்து பக்கத்தில் இருப்பதால் 'இது எங்க லிமிட் இல்ல' என்ற பதிலும் வரலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு நாள் தாமதமாகிவிட்டதா? பரவாயில்லை. அடிபட்டவரைக் காப்பாற்ற ஓடும் குடும்பம் உடனே ஸ்டேஷனுக்கு ஓடாது என்பதை ஒப்புக்கொண்டு, தாமதம் மட்டுமே வழக்கைக் கெடுக்காது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் சேர்க்கும்போதே ஏ.ஆர். காப்பியில் 'குட்டி யானை இடித்தது' என்று எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பதட்டத்தில் யாராவது 'வண்டியிலிருந்து விழுந்துட்டார்' என்று சொல்லி, அதையே நர்ஸ் எழுதிவிட்டால், அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு வக்கீல் பாதி நாள் வாதாடுவார். வண்டி நம்பரை போட்டோ எடுத்தால் எம்-பரிவாகன் ஆப்பில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று வெளியிலேயே தெரிந்துவிடும். வண்டியின் பக்கவாட்டில் பெரிய கம்பெனி பெயர் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சட்டம் பார்ப்பது ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை.

சிகிச்சைச் செலவு பயம்தான் பலரைக் கையெழுத்துப் போட வைக்கிறது. அதற்கும் இப்போது வழி உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசின் திட்டம் 2025 மே மாதம் வந்தது. ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. அந்தத் திட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி அந்த வருஷம் ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் போட்ட பொதுநல வழக்கில். உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு டாக்டர் கோர்ட் ஏறியதன் பலன்!

இன்னொரு கையெழுத்து உண்டு, அது வெள்ளைப் பேப்பரை விட மரியாதையாக வரும். 164ஆம் பிரிவின்படி, யார் மேல் தப்பு என்றே நிரூபிக்காமல், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் வாங்கிக்கொள்ளலாம். சின்ன முறிவு, நன்றாகச் சேர்ந்துவிட்டது, தப்பும் தன் மேல்தான் என்றால் இது நல்ல வழி. ஆனால் இதை வாங்கிக்கொண்டால் 166ஆம் பிரிவின் பெரிய வழக்கு அதோடு முடிந்துபோகும். மேலே போட்ட கணக்கில் வரும் 17 லட்சமும்தான். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. அங்கேயும் இரண்டில் ஒன்றுதான், 167ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

'டிரைவர் லைசென்ஸ் சரியில்லை, அதனால் தரமாட்டோம்' என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பழைய பாட்டு. கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டினார் என்பார்கள். 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு அந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்தது. குட்டி யானை எல்லாம் அதற்குள் அடக்கம். இடித்த வண்டியே தெரியாவிட்டாலும் 2022 திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50,000, உயிர்ப்பலிக்கு 2 லட்சம் உண்டு.

காலக்கெடுவை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1994இல் எடுத்துவிட்ட கெடு, 2019 திருத்தத்தில் திரும்பி வந்து 2022 ஏப்ரல் 1 முதல் அமலானது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். மாவுக்கட்டு பிரித்து, நடக்கப் பழகி, 'அப்புறம் பார்க்கலாம்' என்று உட்கார்ந்தாலே ஆறு மாதம் ஓடிவிடும். இதை எதிர்த்த வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அது இடைக்காலம்தான். அதை நம்பித் தூங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

'கேஸ் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும்' என்பார்கள். இழுக்கத்தான் செய்யும். ஆனால் நஷ்டஈட்டுத் தொகைக்கு வழக்கமாக மனு போட்ட தேதியிலிருந்து வட்டி சேர்ந்துகொண்டே போகும். அவசரம் என்றால் லோக் அதாலத் இருக்கிறது. அங்கே பேசி முடிப்பதும் காம்ப்ரமைஸ்தான். ஆனால் கணக்குத் தெரிந்து, வக்கீல் பக்கத்தில் இருக்க, ஆளுக்கு ஆள் சமமாக உட்கார்ந்து பேசும் காம்ப்ரமைஸ். அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

வக்கீல் ஃபீஸ்? ஆஸ்பத்திரி வாசலிலேயே புரோக்கர் ஒருவர் 'முன்பணம் வேண்டாம், வர்றதில் பாதி' என்று வருவார். வருகிற தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. அவர் நீட்டும் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் கடலூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். அங்கே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போகமுடியாவிட்டால் 15100க்கு போன் செய்யலாம். 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவில் யாருக்கெல்லாம் இலவச வக்கீல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள்... அதே பட்டியலில் 'தொழிற்சாலைத் தொழிலாளி' என்றும் இருக்கிறது. நிரந்தரமா, ஒப்பந்தமா என்று அந்த வரியில் பிரிக்கவில்லை.