கல்யாணமாகி ஆறு வருஷம், சேர்ந்து இருந்தது ஏழு மாசம்

வேளாங்கண்ணி பக்கத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன். குழந்தை வரம் கேட்டு மாதா கோயிலுக்கு வர்றவங்கள்ல சிலர் அப்படியே நம்ம ஓபிக்கும் வருவாங்க. அப்படி வந்த ஒரு தங்கச்சியைப் பத்தி ஒரு த்ரெட். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம். கட்டைப்பை நிறைய ரிப்போர்ட். ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய் எக்ஸ்ரே, ஒரு லேப்ராஸ்கோப்பி. எல்லாமே நார்மல். நகை அடகுல.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"சிங்கப்பூர்ல சார். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் லீவு."

கல்யாணத்துக்கு வந்த லீவையும் சேர்த்துக் கணக்குப் போட்டோம். ஆறு வருஷத்துல ஏழு மாசம்!

கருத்தடை எதுவும் இல்லாம ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கலைன்னாதான் அது குழந்தையின்மை. (பெண்ணுக்கு 35 தாண்டிட்டா ஆறு மாசத்துலயே பார்க்கணும்.) இவங்க அந்தக் கோட்டையே தொடல. அவருக்கு விந்து பரிசோதனை ஒரு தடவைகூட எடுக்கல. ஏறக்குறைய பாதி ஜோடிகள்ல ஆண் பக்கமும் காரணம் இருக்கும். செலவும் கம்மி, வலியும் இல்ல. அதை விட்டுட்டு இந்தப் பொண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து வயித்துல துளை போட்டிருக்காங்க.

யாரையும் திட்ட வரல. நானும் வெறும் எம்பிபிஎஸ்தான். ஹவுஸ் சர்ஜனா பிரசவம் பார்த்தேன், காப்பர்-டி போட்டேன். குழந்தை இல்லன்னு வந்த ஒரு ஜோடியை உட்கார வெச்சுப் பேசினதே இல்ல. 2019 பாடத்திட்டத்துல இதுக்குத் தனித் தலைப்பு இருக்கு. ஆனா அங்கயும் 'விவரி, விவாதி'தான். பரீட்சையில எழுதிடலாம்.

இந்தக் கடற்கரைக்கு இது புதுசு இல்ல. 2004 சுனாமியில தமிழ்நாட்டுலயே அதிகம் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம்தான். ஏற்கெனவே கு.க. ஆபரேஷன் பண்ணி, பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்த தாய்மாருக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கிற சிகிச்சையை அரசே இலவசமா அறிவிச்சது. அந்த ஆபரேஷனுக்கு முன்னாடியும் கணவரோட விந்து ரிப்போர்ட்டைப் பார்த்தாகணும். இப்போ இதே மாவட்டத்துல அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு.

"ஐவிஎஃப் ஸ்பெஷலிஸ்ட் வேலையாச்சே, மாணவனுக்கு எதுக்கு?"ன்னு கேட்பாங்க. நான் ஐவிஎஃப் கேட்கல. ஹவுஸ் சர்ஜன் வருஷத்துல ஒரே ஒரு வாரம் கேட்கிறேன். ரெண்டு பேரையும் உட்கார வெச்சு விசாரிக்கணும். மாதவிடாய் ஒழுங்கா வருதா, தைராய்டு பார்த்தாச்சா, எத்தனை நாள் சேர்ந்து இருக்காங்க, தாம்பத்தியத்துல சிரமம் இருக்கா. விந்து ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியணும். எப்போ மேல அனுப்பணும், எப்போ "கொஞ்சம் பொறுங்க"ன்னு சொல்லணும்னு தெரியணும். இதுக்கு எந்த மெஷினும் வேணாம். கதவைச் சாத்துறதுக்கு ஒரு ரூம் போதும். (நம்ம ஓபியில அதுதான் கிடைக்காது.)

அந்தத் தங்கச்சியோட வீட்டுக்காரர் அடுத்த லீவுல வரும்போது முதல் டெஸ்ட் அவருக்கு. சீட்டு எழுதிக் கொடுத்திருக்கேன். மாமியாரும் கூட வந்திருந்தாங்க. அந்தச் சீட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.