ஷா ஆலமின் பெருமையில் நமது பங்கு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பஸ்ஸில் போகும்போது, பத்துத் தீகா வந்ததும் நம்மவரில் இளையவர் ஒரு பக்கம் கையைக் காட்டுவார். மூத்தவர் இன்னொரு பக்கம் காட்டுவார். இளையவர் காட்டுவது கார் ஆலைகள் இருக்கும் திசை. மூத்தவர் காட்டுவது தாம் பால் வெட்டிய நிரை இருந்த திசை. இரண்டும் ஒரே மண்ணில் இருந்தவைதாம் என்பதை இருவரில் யாரும் மறுக்க முடியாது.

ஷா ஆலம் இன்று செலாங்கூரின் தலைநகர். 1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான பின்னர், 1978-இல் அந்தத் தகுதி ஷா ஆலமுக்கு வந்தது. 2000-இல் அது மாநகரமும் ஆயிற்று. அதற்கு முன் அந்த இடத்தின் பெயர் சுங்கை ரெங்கம். ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டக்காடு. பெட்டாலிங் ஜெயா என்னும் பெருநகரமோ 1950-களின் தொடக்கத்தில் எபிங்ஹாம் தோட்டத்தை அழித்துப் போட்டது. சுபாங் ஜெயா 1970-களில் சீபீல்டு தோட்டத்தின்மேல் எழுந்தது. ஆக, இன்று நாடே பெருமை பேசும் இந்தப் புறநகர் வளர்ச்சியில் பெரும்பகுதி நமது பெரட்டுக் களங்களின்மேலும் நமது லயங்களின்மேலும் நிற்கிறது. ஆயினும் இந்நகரங்களின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பலரும் "ஒரு காலத்தில் இங்கே வெறும் காடாக இருந்தது" என்றே தொடங்குகிறார்கள். வெறும் காடாம்! விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு ஐந்நூறு மரம் வெட்டியவனைக் கேட்டால் அது காடா, வேறேதுமா என்று சொல்வான்.

இதற்குச் சாட்சி தேடி நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. நமது பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஷா ஆலம் மாநகரத்தின் நடுவிலே ஒரு பள்ளிக்கு இன்றும் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பெயர். தோட்டம் எங்கே? சுபாங் ஜெயாவிலே சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் எங்கே? கெலானா ஜெயாவிலே சீபோர்ட் தமிழ்ப்பள்ளி. அங்கும் அதே கேள்விதான். மரம் போயிற்று, லயம் போயிற்று, ஸ்டோர் போயிற்று, பள்ளிக்கூடத்தின் பெயரில் மட்டும் தோட்டம் தங்கிவிட்டது. கிளென்மேரியும் அப்படித்தான். ஒரு காலத்தில் தோட்டத்தின் பெயர். இன்று கார்க் கடைகளுக்கும் பங்களாக்களுக்கும் பேர்போன இடம். அங்கே புதுக் கார் வாங்கப் போகிறவர் அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததென்று யோசிப்பாரா என்பது நமக்கு ஐயமே.

கார் விஷயத்துக்கு வருவோம். 1983-இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலையில் முதல் சாகா கார் ஷா ஆலம் ஆலையிலிருந்து வெளிவந்தது. ஜப்பானிய மிட்சுபிஷியின் துணையோடு செய்ததுதான் என்றாலும், இந்நாட்டான் செய்த கார் என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது. 1989-இல் அது இங்கிலாந்துச் சந்தைக்கே போயிற்று. இந்தச் செய்தியைக் கேட்டபோது நம்மவரில் மூத்தவர்கள் சிரித்த சிரிப்பை நாம் மறக்கவில்லை. ஏன் சிரித்தார்கள்? துரைமார் ஆஸ்டினும் மோரிஸும் கப்பலில் வரவழைத்துத் தோட்டத்துச் செம்மண் பாதையிலே புழுதி கிளப்பிப் போனதைப் பார்த்த கண்கள் அவை. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த காலத்தில் அந்தத் துறைமுகத்திலிருந்து ஷீட்டு ரப்பர் கட்டுக்கட்டாகப் போயிற்று. டயராகவும் காராகவும் திரும்பி வந்தது. இன்று கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய அதே கரையிலிருந்து கார் போகிறது. இதில் பெருமைப்படாதவன் மனிதனா?

"அது அவர்கள் ஆலை, நமக்கென்ன வந்தது" என்று சிலர் கேட்கிறார்கள். இக்கேள்வி நமக்குச் சரியாகப் படவில்லை. காருக்கும் நமக்கும் உள்ள உறவு 1985-இல் தொடங்கியதன்று. அமெரிக்காவில் போர்டு தமது மலிவுக் காரை 1908-இல் விற்கத் தொடங்கினார். கார் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910-இல் ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. அந்த விலையைக் கண்டுதான் கம்பெனிகள் மலாயாக் காட்டை வெட்டித் தோட்டம் போட்டன; நமது பாட்டன்மாரைக் கப்பலேற்றி அழைத்து வந்தன. கார் என்ற ஒன்று இல்லாதிருந்தால் நம்மில் பலர் இந்த மண்ணில் பிறந்திருக்கவே மாட்டோம். (அதே போர்டு 1928-இல் பிரேசில் நாட்டுக் காட்டில் தாமே ஒரு ரப்பர்த் தோட்டம் போட்டு, பால் காணாமல் 1945-இல் கைகழுவினார். கோடி கோடியாய்ப் பணம் இருந்தும் அவருக்குக் கைவராததை நம் பாட்டி வெறும் உளியால் செய்தாள்.) இன்றும் உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பத்தில் ஏழு பங்கு டயருக்கே போகிறது.

ஆகவே பெருமையில் நமக்குப் பங்குண்டு. பெருமையில் பங்கு கேட்பவர் கணக்கிலும் பங்கு கேட்க வேண்டுமல்லவா? அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

தோட்டம் விற்கப்பட்டு வேலை போகும்போது தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டியதை 1980-ஆம் ஆண்டுச் சட்டவிதி சொல்கிறது. ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு மரம் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். 2025 முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. 600 நாளுக்கு 39,000 வெள்ளி. இனி சாகா காரின் விலையைப் பாருங்கள். அதுவும் ஏறத்தாழ இதே தொகைதான்! முப்பதாண்டு உழைப்பு, ஒரு சின்னக் கார். சேமநிதிப் பணம் வேறு இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், அது நாம் மாதாமாதம் கட்டியதும் முதலாளி சட்டப்படி கட்டியதும். அதை நட்டஈடு என்று யாரும் சொல்ல முடியாது.

காரையாவது வாங்கலாம், வீடு? தோட்டத்தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை போன அன்றே வீட்டையும் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். ஆலைத்தொழிலாளி வேலை இழந்தால் வேறு ஆலைக்குப் போகலாம், வீடு அவன் தலைமேல் இருக்கும். நமக்கு அப்படியில்லை. 39,000 வெள்ளியை வைத்துக்கொண்டு அதே மண்ணில் எழும் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்குக் கதவுகூடப் போட முடியாது. மரத்தைச் சாய்த்து நிலத்தை அடிக்கணக்கில் விற்றவர்களுக்கு இலாபம் என்ன வந்ததென்று நாம் சொல்லப் புகவில்லை. அவர்கள் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. அந்தக் கணக்கில் லயத்தில் இருந்த குடும்பங்களுக்கு ஒரு வரியேனும் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறோம். வீடு கட்டிச் சாவி கொடுத்த பிறகே லயத்தை இடிப்பது என்பது நமது கோரிக்கை.

இது பழைய கதை என்று எண்ணவேண்டாம். 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோதும் இதே துன்பம்தான். அப்போது துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கி, தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். அந்த நாளில் நம்மவரிடம் இன்றைவிடக் குறைவான காசே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. கார்த் தொழில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ரவாங் பக்கம் பெரோடுவா வந்தது. 1994-இல் கஞ்சில் கார் ஓடிற்று. புரோட்டோனோ தஞ்சோங் மாலிமில் பெரிய ஆலை வைத்து, ஷா ஆலம் வேலையையும் அங்கேயே கொண்டுபோகத் திட்டமிட்டிருக்கிறது. 2017 முதல் அதில் சரிபாதிக்குச் சற்றே குறைந்த பங்கு சீன நாட்டு ஜீலியிடம் இருக்கிறது. மின்சாரக் கார் வருகிறது. இனி ஆலையில் வேண்டப்படுவது உடல்பலம் மட்டுமன்று, கைத்தொழில் படிப்பு. நம் தோட்டத்துப் பிள்ளை ஐந்தாம் படிவத்தோடு நின்று குத்தகைக்காரனிடம் நாள்கூலிக்குப் பெட்டி தூக்கினால், அந்த ஆலை நம் பக்கத்தில் இருந்தென்ன, நூறு மைலுக்கப்பால் இருந்தென்ன? பெற்றோர் இதைச் சிறிது கடுமையாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். தீபாவளிக்குப் பட்டாசுக்கும் தண்ணிக்கும் செலவழிக்கும் காசில் பாதியைத் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கினால் என்ன என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ரப்பர் விளைச்சலும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1988-இல் 16 இலட்சம் டன்னுக்கு மேல் எடுத்த நாடு, 2023-இல் 4 இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. இன்று நமது நாட்டு ஆலைகளுக்கே வெளிநாட்டிலிருந்து ரப்பர் வருகிறது. மிஞ்சிய தோட்டங்கள் நகரத்தின் ஓரத்தில் நிற்கின்றன. அடுத்த நகரம் எந்தத் தோட்டத்தில் எழும் என்பது யாருக்கும் தெரியாது.

ஆதலால் கிராணிமார் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் யார் எத்தனை ஆண்டு வேலை செய்தார், எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்பதைத் தோட்டம் கைமாறுவதற்கு முன்னரே எழுதி, தொழிலாளியிடம் ஒரு படி கொடுங்கள். கிளைச் செயலாளரிடம் ஒரு படி கொடுங்கள். புது முதலாளி வந்த பிறகு பழைய புத்தகம் கிடைப்பதில்லை. எழுதும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் மறவாமல் எழுதுக.