மல்லாட்டையும் மாற்று விதையும்

விழுப்புரம் சந்தையில் 'வேர்க்கடலை' என்று கேட்டால் நம்மை வெளியூர்க்காரர் என்று எண்ணிவிடுவார்கள். அங்கே அதற்குப் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதே தேய்ந்து அவ்விதம் ஆயிற்று. ஆனால் அதன் பிறப்பிடம் மணிலாவும் அன்று; தென் அமெரிக்கா.

அங்கே இரண்டு காட்டுச் செடிகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் தற்செயலாகக் கலந்ததில் இப்பயிர் பிறந்தது என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். ஒரே கலப்பில் வந்த குலமாதலால், பார்வைக்குப் பல ரகமாகத் தோன்றினும் உள்ளே குணபேதம் குறைவு. குணபேதம் குறைந்த பயிருக்கு நோய் கண்டால், தப்பிப் பிழைக்கும் வழியும் குறைவு.

இந்த உண்மையை அந்நாளைய தென்னார்க்காடு ஜில்லா அனுபவித்தே அறிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய விதை வலுவிழந்து சாகுபடி குன்றிற்று. மொரீஷியஸ் விதை வந்து இறங்கிய பின்னரே பயிர் மீண்டது. மாற்று விதை உலகில் எங்கோ ஓரிடத்தில் இருந்ததால் பிழைத்தோம்!

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் கதையும் இதையே சொல்கிறது. 'டி.எம்.வி.' என்னும் எழுத்துக்கள் திண்டிவனத்தைக் குறிப்பவை. 1940-இல் வெளியான டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. ஆந்திரம், கர்நாடகம் வரை சென்று பல்லாண்டு கோலோச்சியது. எனினும் துரு நோய்க்கும் இலைப்புள்ளி நோய்க்கும் அது எளிதில் இரையாகும். அவற்றைத் தாங்கும் குணம் எங்கே கிடைத்தது? பொலிவியாவின் காட்டுக் கடலை ஒன்றில். அக்குணம் தார்வாரில் உருவான ஜி.பி.பி.டி. 4 ரகத்தில் அமைந்தது. பிறகு அதிலிருந்து டி.எம்.வி. 2-க்கும் ஏற்றப்பட்டது. எவரும் விலை கொடுத்து வாங்காத காட்டுச் செடி, பெயர் பெற்ற பயிருக்கு வைத்தியம் செய்தது!

கூடுதலாக விளைவதையே விதைக்கும் குடியானவரை நாம் குறை கூறவில்லை. அவர் வயிறு நிறைய வேண்டாமா? ஆனால் ஊர் முழுதும் ஒரே ரகமானால் பழைய விதைகள் ஓசையின்றி மறைகின்றன. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் இக்ரிசாட் நிலையம் சுமார் 15,000 வகைக் கடலை விதைகளைக் குளிரறையில் காத்து வருகிறது. மிக நல்ல காரியம். ஆயினும் குளிரறையில் உறங்கும் விதை, மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் பழகுவதில்லை. அதை வயலில் உள்ள விதைதான் கற்க வேண்டும்.

கடலையாவது அயலூர்ப் பிள்ளை. எள்ளோ நம் பாரத நாட்டிலேயே தோன்றியது. அதன் பழைய வகைகளை நாமே தொலைத்துவிட்டால், எந்த நாட்டுக் கப்பலை எதிர்பார்த்துத் துறைமுகத்தில் நிற்பது?

நமக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இன்றும் பிற நாடுகளிலிருந்து வருகிறது. அரசியல் சுதந்திரம் 1947-இல் கிட்டிற்று. எண்ணெய்ச் சட்டிக்கு இன்னும் கிட்டவில்லை. புது ரகம் விதைக்கும் ஒவ்வொரு குடும்பமும், வரப்போரம் ஒரு பாத்தியில் பாட்டனார் காலத்து எள்ளையும் மல்லாட்டையையும் விதைத்து வரட்டும். அந்த ஒரு பாத்தி நம் பேரர்களுக்கு நாம் எழுதி வைக்கும் சொத்து.